டிரம்ஸ்காரரின் நீலக் கோட்டு

முதலிலேயே மன்னித்துக்கொள்ளுங்கள். நான் தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரைதான் படித்தவள். கோவையாக எழுத வராது. முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்வேன். மறதியும் வந்துவிட்டது, காலையில் மாத்திரை போட்டேனா என்று மகளைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் சமூக மன்றத்தில், பழைய சிங்கப்பூரில் பழகிய ஓர் ஆளைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று முதியவர்களுக்கெல்லாம் காகிதம் கொடுத்தார்கள். மற்றவர்கள் அப்பாவைப் பற்றியும் வாத்தியாரைப் பற்றியும் எழுதுகிறார்கள். நான் எழுத உட்கார்ந்தால் அந்த டிரம்ஸ்காரர்தான் வந்து நிற்கிறார். அவர் எனக்கு உறவும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு பத்து மணி நேரம் அவர் பேசிக் கேட்டிருப்பேன். நான் அவரிடம் பேசியது பத்து வார்த்தை இருக்காது.

மலேசியாவோடு சேர்வதற்கு ஒன்றிரண்டு வருடம் முந்தி, டன்லப் ஸ்திரீட்டில் ஒரு பாயின் தையல் கடையில் எனக்கு வேலை. பாய் முன்னால் மேசை போட்டு அளவெடுத்து வெட்டுவார். பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் மிஷின், இஸ்திரிப் பெட்டி, நான். "திரைக்கு உள்ளேயே இருந்து தைக்கிறதுன்னா போ" என்று சொல்லித்தான் என் வீட்டுக்காரர் அனுப்பினார். அதனால் வருகிறவர்களின் முகத்தை நான் பார்த்ததில்லை. திரைக்குக் கீழே தெரியும் கால்களைத்தான் பார்ப்பேன். டிரம்ஸ்காரருக்குக் கறுப்புச் சப்பாத்து. வலது கால் சப்பாத்தின் முன்பக்கம் மட்டும் தேய்ந்து வாய் பிளந்திருக்கும். பெரிய டிரம்மைக் காலால் மிதித்து அடிப்பார்களாம், அதனால் அப்படி.

ஒரே ஒரு நாள் தவிர, அந்தக் கால் கடைக்குள் நேராக வந்து நான் பார்த்ததில்லை. கடை வாசலில் கூரை போட்ட அஞ்சடிப் பாதையில் முதலில் நிற்கும். கொஞ்சம் போகும், திரும்ப வரும். உள்ளே வேறு யாராவது இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் படி ஏறும்.

"உள்ள வா லா. போலீஸ் ஸ்டேஷனா இது?" என்பார் பாய்.

"இல்ல பாய், நீங்க பிசியா இருப்பீங்களோன்னு."

"பிசியா இருந்தாத்தான் நீ வர்றே. சும்மா இருந்தா ஓடிப் போயிடுறே."

அவர் பயந்தவர். சொல்லப்போனால் அவரைப் பற்றி இது ஒன்றுதான் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்ததுதான். பஸ்ஸுக்கு வரிசையில் நின்றால் முன்னாலும் நிற்க மாட்டார், கடைசியிலும் நிற்க மாட்டார். எண்ணிப் பார்த்து நடுவில் போய் நிற்பாராம். ஏன் என்று பாய் ஒருநாள் கேலி பண்ணியபோது அவரே சொன்னார்.

"ஜப்பான்காரன் காலத்துல எங்கள வரிசையா நிக்க வச்சான் பாய். சயாம் காட்டுல ரயில் பாதை போட ஆள் வேணும்னு. முன்னாடி பத்து பேரு, பின்னாடி பத்து பேரு, பிடிச்சிட்டுப் போயிட்டான். நடுவுல நின்னவங்களுக்கு வீட்டுக்குப் போன்னுட்டான். அப்ப எனக்குப் பதினேழு வயசு."

பாய் அன்றைக்கு மேற்கொண்டு கேலி பண்ணவில்லை.

அவர் வாசித்தது ஒரு ஜாஸ் பேண்டில். ஐந்து பேர். சாங்கியில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக் கிளப்பிலும், டவுனில் ஹோட்டல்களிலும் வாசிப்பார்கள். தலைவர் காத்தோங் பக்கத்து யூரேசியர், வெள்ளைக்காரக் கலப்பு. எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள். குரல் உயர்த்திப் பேசாத மனிதர். பாயோடு மலாயில்தான் பேசுவார். ஐந்து பேருக்கும் வான நீலத்தில் கறுப்புக் காலர் வைத்த கோட்டு தைத்தது எங்கள் கடைதான். ஒரே பேல் துணியில் வெட்டியது. அந்தத் துணி அதோடு தீர்ந்துவிட்டது. அதே நீலம் மறுபடி கிடைக்காது; வேறு நீலத்தில் ஒன்று தைத்தால் மேடை விளக்கில் அது தனியாகத் தெரிந்துவிடும். அதனால் பேண்டை விட்டு ஓர் ஆள் போனால் கோட்டை வைத்துவிட்டுப் போக வேண்டும். புதிதாக வருகிறவருக்கு அதையே பிரித்தோ பிடித்தோ தைத்துக் கொடுப்போம். கோட்டு இல்லாதவர் யாரும் வாசிக்க உட்காரக் கூடாது. ஒத்திகையானாலும் அப்படித்தான். இது மாஸ்டரின் சட்டம்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. யாரையும் வாயால் "போ" என்று சொல்ல மாட்டார். ஆளுக்குத் தெரியாமல் கோட்டு எங்கள் கடைக்கு வந்துவிடும். கூடவே புது ஆளின் அளவும் வரும். டிரம்பெட் வாசித்தவருக்கு அப்படித்தான் நடந்தது. இஸ்திரிக்குக் கொடுத்த கோட்டு என்று நினைத்து வாங்க வந்தார். மேசையில் அவர் கோட்டு உள்பக்கம் திருப்பிக் கிடந்தது. முதுகு நெடுக, வேறு ஆளின் அளவுக்குப் போட்ட வெள்ளைச் சாக்கட்டிக் கோடு. பார்த்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தவர் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அவரோடு கூட வந்தவர்தான் நம் டிரம்ஸ்காரர். எதிரில் நின்ற கறுப்புச் சப்பாத்து இரண்டும் மெல்லப் பின்னால் நகர்ந்து நகர்ந்து அஞ்சடிக்கே போய்விட்டன.

அன்றிலிருந்து அவர் கோட்டைக் கடையில் விட்டுவிட்டுப் போனதே இல்லை. டிரம்ஸ் அடிக்கிறவருக்கு அக்குள் பக்கம் தையல் நிற்காது. மாதம் ஒருமுறை விட்டுப்போகும். நான் அந்த இடத்தில் சாய்வாக ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்துப் பார்த்தேன். அப்போதும் துண்டைச் சுற்றித் தையல் விட்டுப்போகும். அவர் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் தைத்து முடித்து, திரைக்கு அடியில் நீட்டி, அவர் மாட்டிக்கொண்ட பிறகுதான் எழுந்திருப்பார்.

"போயி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாயேன். நான் என்ன ஒங் கோட்டக் கடிச்சித் தின்னுடுவேனா?"

"பரவால்ல பாய். இங்க காத்து நல்லா வருது."

"எங்கேர்ந்து வருது? ஒம் பனியன் ஓட்டை வழியாவா?"

ஒருமுறை அவர் போன பிறகு பாயின் சாக்கட்டியைக் காணோம். மேசைக்கு அடியில், அலமாரியில், என் மிஷின் பெட்டியில் எங்கே தேடியும் இல்லை. அடுத்த முறை வந்தபோது பாய் பிடித்துக்கொண்டார்.

"எலே, உண்மையச் சொல்லு. சாக்கட்டிய எடுத்துட்டுப் போனது நீதானே?"

சட்டைப்பைக்குள் கை துழாவுகிற சரசரப்பு. பிறகு மேசைமேல் ஏதோ வைக்கிற ஓசை.

"சாக்கட்டி இல்லாட்டி நான் அளவு எடுக்க மாட்டேன்னு நெனச்சியா? கடையில இன்னும் ஒரு டஜன் இருக்குடா!"

நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் எந்தத் துணிச்சலில் எடுத்தார், எந்தப் பயத்தில் அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார் என்று அப்புறம் தோன்றியது.

பெஞ்சில் இருக்கும்போது அவர் விரல் சும்மா இராது. நான் மிஷின் மிதிக்கிற சத்தத்துக்குப் பலகையில் தட்டுவார். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது, மிதிக்கவே கால் வரவில்லை. பிறகு பழகிவிட்டது. நேர்த் தையலில் நான் வேகமாக ஓட்டினால் அவரும் ஓடுவார். மூலை திரும்ப நான் நிறுத்தினால் அவர் நிறுத்த மாட்டார். மெதுவாக, இருக்கிறேன் இருக்கிறேன் என்கிற மாதிரி தட்டிக்கொண்டே காத்திருப்பார். நான் மறுபடி மிதித்ததும் சேர்ந்துகொள்வார். பஸ் வரிசைக்கும் மாஸ்டருக்கும் சாக்கட்டிக்கும் பயப்படுகிற மனிதர், அந்த ஒன்றில் மட்டும் ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை.

ஒருநாள் அவர் பாயிடம் ரகசியம் போலச் சொன்னார்.

"ரெக்கார்டு போடப் போறாங்க பாய். பெரிய பிளேட்டு. எட்டுப் பாட்டு. ரெண்டு ஞாயித்துக்கிழமை, நாலு நாலா."

"பரவாயில்லையே. நீயும் இருக்கியா அதுல?"

"இருக்கேன். இருப்பேன்." கொஞ்சம் பொறுத்து, "இருப்பேன்ல பாய்?" என்றார்.

"என்னக் கேட்டா?"

"டிரம்பெட்காரன் ஊதுனா அந்தப் பாட்டையாவது யாராச்சும் முணுமுணுப்பாங்க. நான் அடிக்கிற அடி அங்கேயே செத்துப் போயிடுது. இருபது வருஷமா அடிக்கிறேன், ஒரு அடிகூட மிச்சமில்ல. பிளேட்டுல விழுந்துட்டா அது அப்படியே கெடக்கும்ல? நான் இருந்தேன்னு ஒரு ஆளுக்காவது தெரியும்ல?"

அவர் எதற்காகவாவது ஆசைப்பட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

முதல் ஞாயிறு நாலு பாட்டு பதிவாகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் திரைக்குக் கீழே மாஸ்டரின் பழுப்புச் சப்பாத்து தெரிந்தது. கையில் தொங்கும் டிரம்ஸ்காரரின் கோட்டு விளிம்பும். பதிவின்போது அக்குள் தையல் விட்டுவிட்டதாம். "நான் அந்தப் பக்கம்தான் போகிறேன், கொடு" என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறார். மாஸ்டர் கேட்டு இல்லையென்று சொல்ல அவருக்கு எங்கே வாய் வரும்?

கோட்டை மேசையில் போட்டுவிட்டு மாஸ்டர் ஒரு சீட்டை எடுத்து வாசித்தார். மார்பு முப்பத்துநாலு. நம் டிரம்ஸ்காரருக்கு நாற்பது. தோள் ஒன்றரை அங்குலம் குறைவு. மணிலாவிலிருந்து வந்த ஒருவருடைய அளவு. ஆள் ரொம்ப மெலிவு, கை ரொம்ப வேகம் என்றார். வரும் ஞாயிறு மிச்ச நாலு பாட்டு அவரை வைத்துத்தான். அன்றைக்கே அட்டைக்குப் படமும் எடுக்கிறார்கள். சனிக்கிழமைக்குள் கோட்டு வேண்டும்.

"அவனுக்குத் தெரியுமா?" என்று பாய் மலாயில் கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை வாசலில் சொல்லிக்கொள்கிறேன். ஜாங்கான் சக்காப்." சொல்லிவிடாதே என்று அர்த்தம். சொல்லும்போது மாஸ்டர் பாயைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. சப்பாத்தின் முனை திரையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் வந்துவிட்டார். பாய் எதிர்க்கடையில் பொத்தான் வாங்கப் போயிருந்தார். கறுப்புச் சப்பாத்து இந்த முறை அஞ்சடியில் நிற்காமல் நேராக உள்ளே வந்து, திரைக்கு முன்னால் நின்றது. அவர் கோட்டு என் மடியில் கிடந்தது. பாய் போட்ட சாக்கட்டிக் கோடெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. நான் மிதிப்பதை நிறுத்தவில்லை. துணியில்லாமலே ஊசி ஓடியது.

"தங்கச்சி." அவர் என்னை நேரே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "எங் கோட்டு உள்ளதானே இருக்கு?"

"ம்."

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். தையலா, அளவா?"

அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. திரையை விரலால் தள்ளினால் போதும், பார்த்துவிடலாம். அவர் தள்ளவில்லை. அவர் பயம் அவரைத் தள்ள விடவில்லை. என் பயமோ வேறு. சொன்னால் மாஸ்டர் பாயைக் கேட்பார், பாய் என்னை அனுப்பிவிடுவார், ஏன் அனுப்பினார்கள் என்று வீட்டில் கேட்பார்கள். கடைக்கு வருகிற ஓர் ஆம்பிளையிடம் திரைக்குள்ளிருந்து ரகசியம் சொன்னாள் என்றால் என் கதி என்ன?

"தையல்தாண்ணே," என்றேன்.

"அக்குள் மட்டுந்தானே?"

"அக்குள் மட்டுந்தான்."

அவர் சிரித்தது கேட்டது. "பாரு, நான் ஒரு பைத்தியக்காரன். ரெண்டு நாளா சோறு எறங்கல லா தங்கச்சி." பெஞ்சில்கூட உட்காரவில்லை. கோட்டை மாஸ்டரே வாங்கி வருவார் என்று விட்டுவிட்டு அவர் பாட்டுக்கு நடந்துபோனார். அந்தச் சப்பாத்து அவ்வளவு லேசாகப் படியிறங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். 

புதன், வியாழன் இரண்டு நாளும் கோட்டைக் கையில் எடுப்பேன், கத்தரிக்கோலை வைப்பேன், வேறு வேலையை எடுத்துக்கொள்வேன். உள்ளங்கை வேர்த்து நீலத்துணியில் திட்டாகப் படிந்தது. "என்ன புள்ள, அந்தக் கோட்டு ஆச்சா?" என்று பாய் கேட்டால் "ஆயிக்கிட்டிருக்கு பாய்" என்பேன். அதுவும் பொய். ஒரு பொய்க்கு மேல் இன்னொன்றாக ஏறிக்கொண்டே போனது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் தொழுகைக்குப் போன நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். இன்றைக்கும் அது தைரியமா, பைத்தியமா என்று தெரியவில்லை. அவருக்குச் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று பார்த்தேன். சாக்கட்டிக் கோடு எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தேன். அக்குளில் விட்ட தையலை மட்டும் இரட்டை நூலில் அழுத்தமாகப் போட்டேன். அளவில் கைவைக்கவில்லை. இஸ்திரி போட்டு, மார்பளவு வெளியே தெரியாதபடி மடித்து, பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கட்டி வைத்துவிட்டேன். சனிக்கிழமை மாஸ்டர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிறு முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை. சோற்றைக் குழையவிட்டேன். படியில் யார் ஏறினாலும் மாஸ்டர்தான் என்று கதவிடுக்கில் பார்த்தேன். ஓர் ஆள் வேலை போகாமல் இருக்க ஒரு கோட்டைத் தைக்காமல் விட்டால் போதும் என்று நான் எப்படி நினைத்தேன்? என்ன அறிவு எனக்கு?

திங்கட்கிழமை பழுப்புச் சப்பாத்து வந்தது. கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. கோட்டை மேசையில் விரித்து, முதுகைப் பார் என்று பாயிடம் சொன்னது கேட்டது. நெடுகிலும் குண்டூசி குத்தி எடுத்த ஓட்டை, பிறகு நானும் பார்த்தேன்.

பாய் கோட்டைத் தன் பக்கம் இழுக்கும் ஓசை கேட்டது. பிறகு, "என் தப்பு மாஸ்டர். சீட்டு மாறிப்போச்சு," என்றார்.

"தைத்தது யார்?"

"நம்ம கடை ஆள்தான்."

திரை விலகியது. கடைக்கு வந்த வெளியாள் யாரும் அதுவரை அந்தத் திரையை விலக்கியதில்லை. மாஸ்டர் என் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று கோட்டை என் மடியில் வைத்தார். "இப்போதே செய். நான் இருக்கிறேன்," என்றார். பிறகு குனிந்து, பாய்க்குக் கேட்காதபடி, அந்த மெதுவான குரலில் கேட்டார்: "அவன் உனக்கு யார்?"

மலாயில்தான் கேட்டார். இருந்தாலும் அந்தக் கேள்வி அப்படியே எங்கள் வீட்டுப் படியேறுவது எனக்குத் தெரிந்தது. நான் தலையை நிமிர்த்தவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன். நான் வைத்த அக்குள் துண்டை வெட்டி எறிந்தேன். பக்கவாட்டில் மும்மூன்று அங்குலம் பிடித்து, மிச்சத் துணியையும் வெட்டினேன். வெறுமனே மடித்துத் தைத்திருந்தால் பின்னால் பிரித்துவிட முடியும். நான் வெட்டினேன். அவர் வெட்டச் சொல்லவில்லை. பயத்தில் நானே வெட்டினேன். இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

மாஸ்டர் போன பிறகு பாய் என்னைத் திட்டவில்லை. மூன்று நாள் பேசவும் இல்லை. நாலாம் நாள், "புள்ள, பொத்தான் டப்பாவக் கொடு," என்றார். அவ்வளவுதான்.

அதற்கும் ஒரு வாரம் கழித்து டிரம்ஸ்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தாராம், பாய் சொன்னார். சப்பாத்து அதேதான். பெஞ்சில் உட்கார்ந்தார். கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். பாயைப் பார்த்துச் சொல்கிற மாதிரி எனக்கும் சேர்த்துச் சொன்னார்.

"வாசல்லயே மாஸ்டர் சொல்லிட்டாரு பாய். நீ உள்ள வர வேணாம், நாளைக்குப் பேசலாம்னு. சரின்னு திரும்பிட்டேன். படி எறங்குறேன், உள்ளேர்ந்து ஒரே சிரிப்பு. கதவு வழியாப் பாக்குறேன், அந்த மணிலாக்காரன் எங் கோட்ட மாட்டிக்கிட்டு நிக்கிறான். சாக்குக்குள்ள பூனையப் போட்ட மாதிரி!"

"அப்புறம்?"

"படம் எடுக்குறவன் பின்னாடி இழுத்துப் பிடிச்சு குண்டூசியா குத்திட்டான். முன்னாடி பாத்தா ஜோரா இருக்கு. படம் எடுத்தாச்சு. ஆனா அடிக்க உக்காந்தான் பாருங்க, கையத் தூக்குனா முதுகுல குத்துது. ஆ-ன்றான். மறுபடி தூக்குறான். ஆ-ன்றான். மைக்குல அதுவும் போய் விழுது லா!"

பாய் சத்தமாகச் சிரித்தார்.

"கோட்டு இல்லாம உக்காரக் கூடாதுன்னு மாஸ்டரு சட்டம். அவரே போட்ட சட்டம். கம்பெனிக்காரன் மணியப் பாக்குறான். மாஸ்டரு படிக்கு வந்து என்னப் பாத்தாரு. அப்புறம் அவனக் கோட்டக் கழட்டிக் கொடுக்கச் சொன்னாரு. நான் போட்டேன். அப்படியே பொருந்துச்சு. நாலு பாட்டும் நாந்தான் அடிச்சேன் பாய்."

"பயமா இல்லையா?"

"பயம்னா என்ன பயம்! வலது காலு கிடுகிடுன்னு நடுங்குது. நிறுத்த முடியல. அந்த நடுக்கத்துல பெரிய டிரம்மு ரெண்டு ரெண்டா விழுந்துச்சு. மாஸ்டரு திரும்பிப் பாத்து, நல்லாருக்கு, அப்படியே போன்னு கை காட்டுறாரு. புது அடின்னு நெனச்சிட்டாரு!"

சிரித்து முடிந்தது. பிறகு அவர் குரல் திரையை நோக்கித் திரும்பியது.

"தங்கச்சி, நீ தையல்னு சொன்னே பாரு. அதுல அஞ்சு நாளு நிம்மதியாத் தூங்குனேன். நீ மட்டும் அளவுன்னு சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். வீட்டுல போத்திக்கிட்டுப் படுத்திருப்பேன். நீ சொன்ன மாதிரியே தையல் மட்டுந்தான் போட்டிருந்தே. மாஸ்டருகூட எங்கிட்ட உண்மை பேசல. நீதான் பேசுனே."

நான் எழுந்து நின்றேன். திரைத்துணியைக் கையில் பிடித்தேன். அண்ணே, நான் பொய்தான் சொன்னேன். அப்புறம் உங்கள் கோட்டை நானே வெட்டினேன் என்று சொல்லிவிட வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பாய் இருமினார். அது சாதாரண இருமலா, சொல்லாதே என்கிற இருமலா, தெரியாது. நான் திரையை விலக்கவில்லை.

"எட்டுப் பாட்டையும் அவன வச்சு மறுபடி எடுக்கப் போறதாக் கேள்வி," என்று எழுந்திருக்கும்போது சொன்னார். "எடுப்பாரோ என்னமோ. கம்பெனி மறுபடி எடமும் கொடுக்கணும்ல? கேட்டுப் பாக்கலாம்னா பயமா இருக்கு." சாங்கிக் கேம்ப்பில் ஸ்டோரில் வேலை பார்க்கப் போவதாகப் பாயிடம் சொல்லிவிட்டுப் போனார். கறுப்புச் சப்பாத்து அஞ்சடியில் ஒரு நிமிஷம் நின்று, பிறகு கூட்டத்துக்கு நடுவில் போய்ச் சேர்ந்துகொண்டது. அப்புறம் அவர் வரவேயில்லை.

ரெக்கார்டு வந்தது. சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் அட்டையை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஐந்து நீலக் கோட்டு. டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு மெலிந்த மனிதர், மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி நிமிர்ந்து சிரிக்கிறார். முதுகில் எத்தனை குண்டூசி என்று அந்தக் கண்ணாடி வழியே பார்த்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். உள்ளே சத்தம் யாருடையது? அந்தக் கண்ணாடிக்கு முன்னால் எத்தனையோ நாள் நின்றேன். உள்ளே போய்ப் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. ஒரு பொம்பிளை, ஜாஸ் பிளேட்டைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? ஒருநாள் அவர்களாகவே போட்டார்கள். வாசலில் நின்று காதைக் கொடுத்தேன். பெரிய டிரம் இரண்டு இரண்டாக விழுந்த மாதிரி இருந்தது. அதற்குள் ஒரு லாரி வந்து நின்று உறுமியது. அது போவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. அடுத்த மாதம் அட்டையை எடுத்துவிட்டார்கள்.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். கடை டன்லப் ஸ்திரீட்டில்தானா, அடுத்த தெருவா என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது. பாட்டு எட்டா பத்தா? தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ரெக்கார்டு பழைய சாமான் வைத்திருப்பவர்கள் யாரிடமாவது இருக்கும். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் யார் யார் எதை வாசித்தார்கள் என்று போட்டிருக்குமாம். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. டிரம்ஸ் என்பதற்கு நேரே ஒரு பெயர் இருக்கிறதா, இரண்டு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்ப் பெயர் இருந்தால் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. மணிலாக்காரர் பெயர் மட்டும்தான் இருக்கிறதென்றால், தேடினோம், ரெக்கார்டு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். நான் நம்பிக்கொள்கிறேன்.